ஒன்றரை, இரண்டரை, ஐந்தரை

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மானின் வயதைச் சொல்லும்போது கூடவே ஒரு அரையும் வரும். ஒன்றரை, இரண்டரை, ஐந்தரை. முழு எண் கிடையாது. வெள்ளைவால் மான் கோடையை ஒட்டிக் குட்டி போடுகிறது. வேட்டைப் பருவம் இலையுதிர் காலத்தில் வருகிறது. ஆக, மனிதன் துப்பாக்கியோடு போய் உட்காரும் நாளில் எல்லா மானுக்கும் வயது பாதியில் நிற்கிறது.

முன்பெல்லாம் இதை யாரும் பெரிதாகப் பார்த்ததில்லை. கொம்பு தெரிந்தால் சுடுவார்கள். பல இடங்களில் ஆண் மான்கள் ஒன்றரை வயதைத் தாண்டுவதே அபூர்வம். 1975இல் டெக்சாஸைச் சேர்ந்த அல் பிரதர்ஸ், மர்ஃபி ரே என்ற இரண்டு உயிரியலாளர்கள் ஒரு புத்தகம் எழுதினார்கள். இளம் ஆண்களை விடுங்கள், பெண் மான்களைக் கூடுதலாகச் சுடுங்கள், நிலம் தாங்குகிற அளவுக்கு மட்டும் கூட்டத்தை வையுங்கள் என்பது அதன் சாரம். 1988இல் தென் கரோலினாவில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அப்புறம் மெல்ல, விசையைத் தொடுமுன் "இதுக்கு என்ன வயசு?" என்று கேட்டுக்கொள்வது ஒரு ஒழுக்கமாகவே ஆகிவிட்டது.

தூரத்தில் நிற்கிற மானின் வயதை எப்படிச் சொல்வது? கொம்பைப் பார்க்காதே என்பதுதான் முதல் பாடம். கொம்பு வருடா வருடம் விழுந்து முளைப்பது; தீனியும் பரம்பரையும் சேர்ந்து ஏமாற்றும். உடம்பைப் பார்க்க வேண்டும். ஒன்றரை வயது ஆண், பெண் மானின் தலையில் கொம்பு ஒட்டிய மாதிரி இருக்கும்: மெல்லிய கழுத்து, நீளக் கால். மூன்றரையில் பந்தயக் குதிரை: நெஞ்சு ஆழமாகி, இடுப்பு இறுகியிருக்கும். ஐந்தரைக்கு மேல் கழுத்து எங்கே முடிகிறது, நெஞ்சு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வயிறு தொங்கும், முதுகு லேசாகக் குழியும். கால் குட்டையானதுபோலத் தோன்றும். கால் அப்படியேதான் இருக்கிறது, உடம்புதான் கீழே இறங்கிவிட்டது. (இந்த அளவுகோலை எங்கள் ஆபீஸ் கேன்டீனில் வைத்துப் பார்த்தால் பாதிப் பேர் தேற மாட்டோம்.)

இதெல்லாம் ஊகம்தான். ஊகம் சரியா என்று பார்க்க வாயைத் திறக்க வேண்டும். நம்மூர் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து ரெண்டு பல், நாலு பல் என்று சொல்கிறார்களே, அதே கணக்குதான். மானுக்கு இதை 1949இல் செவரிங்ஹாஸ் என்ற நியூயார்க் ஆய்வாளர் முறையாக எழுதி வைத்தார். கீழ்த்தாடையில் மூன்றாவது பல் மூன்று முகடுகளோடு இருந்தால் அது பால் பல். ஒன்றரை வயதையொட்டி அது விழுந்து இரண்டு முகடுள்ள பல் வரும். அதற்குமேல் தேய்மானத்தை வைத்துச் சொல்வது. மணல் மண்ணில் மேய்கிற மானுக்குப் பல் சீக்கிரம் தேயும், எனவே இது தடுமாறும். பிறந்த வருடம் தெரிந்த மான்களின் தாடைகளை வைத்துச் சோதித்தபோது குட்டி, ஒன்றரை, அதற்கு மேல் என்ற மூன்று பிரிவைத்தான் நம்பிச் சொல்ல முடிந்தது. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் பல்லின் வேரைச் சீவி, மரத்துக்கு எண்ணுவது போல ஆய்வகத்தில் வளையம் எண்ணுகிறார்கள்.

சந்தையில் மாடு உயிரோடு வாயைத் திறக்கிறது. காட்டு மான் செத்த பிறகுதான் திறக்கிறது. நான் பார்க்கிற வேலையில் ஒரு கணிப்பு தப்பினால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம். இங்கே கணிப்பைச் சரிபார்ப்பதும் மானைக் கொல்வதும் ஒரே செயல். ஐந்தரை என்று நினைத்துச் சுட்ட மான் மூன்றரை என்று தாடை சொல்லும். மூன்றரை என்று நினைத்து விட்டுவிட்ட மான் ஏழு வயதுக் கிழமாக இருந்திருந்தால், யாருக்கும் தெரியப்போவதில்லை. பல பண்ணைகளில் சுட்ட மானின் தாடைகளைத் தேதி, எடையோடு பத்திரப்படுத்துகிறார்கள். வேட்டைக்காரரின் கண் கூர்மையாவது அந்தத் தாடைகளை வைத்துத்தான். வெண்டைக்காய் முற்றலா என்று நுனியை உடைத்துப் பார்க்கிறோமே, கடைக்காரர் அதற்கே முறைக்கிறார்.

வெண்டைக்காயைச் சும்மா சொல்லவில்லை. "அது வாழ்ந்து முடித்த மான்" என்று வேட்டைக்காரர்கள் சொல்வதுண்டு. கேட்க நியாயமாக இருக்கிறது: இளையதற்கு இன்னும் வாழ்க்கை பாக்கி, மூத்தது தன் பங்கைப் பெற்றுவிட்டது. ஆனால் ஐந்தரை, ஆறரை என்பது ஆண் மானின் கொம்பு உச்சத்தை எட்டுகிற வயது. தப்பிப் பிழைத்தால் பத்தைத் தாண்டியும் வாழக்கூடிய பிராணி அது. ஆக, அவர்கள் சொல்கிற முதிர்ச்சி, காய் முற்றுவதைப் போன்றது. அதை வாழ்ந்து முடித்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சந்தேகமிருந்தால் பெண் மானைப் பாருங்கள். எட்டு வயதுப் பெண்ணா, மூன்று வயதா என்று யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. வாழ்ந்த வருடங்கள்தான் கணக்கு என்றால் அதையும் கேட்டிருக்க வேண்டும்.

சட்டமும் ஒரு கட்டத்தில் வயதைக் கைவிட்டது. 2002இல் டெக்சாஸ் ஆறு கவுண்டிகளில் ஒரு விதி கொண்டுவந்தது. கொம்பின் உள் அகலம் 13 அங்குலம் இருந்தால் சுடலாம். கிளை பிரியாத கொம்பு ஒன்றாவது இருந்தாலும் சுடலாம். விறைத்து நிற்கிற மானின் ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனிவரை ஏறக்குறைய அதே அகலம் என்பதால், கண்ணாலேயே அளந்துவிடலாம். இளம் ஆண்கள் நிறையத் தப்பின, விதி பல கவுண்டிகளுக்குப் பரவியது. எனக்கு உறுத்துவது அந்த இரண்டாவது வரி. ஒற்றைக் குச்சிக் கொம்போடு நிற்பவை பெரும்பாலும் ஒன்றரை வயதுக்காரர்கள். இளமை அவற்றைக் காப்பாற்றவில்லை.

இதோடு நிறுத்தினால் நான் சைவ உணவகத்தில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதியவனாகிவிடுவேன். 1972 சட்டம் நமக்கு வேட்டையைத் தடுத்துவிட்டது, கையில் ரத்தம் இல்லை. ஆனால் கறிக்கடையில் "இளசா பாத்துப் போடுங்கண்ணே" என்று கேட்கிறோம். பிராய்லர் கோழி ஆறு வாரத்தில் கடைக்கு வருகிறது. அதன் வயதை நாம் கேட்பதே இல்லை. ஒரு குறிப்பிட்ட விலங்கை, அதன் முதுகையும் வயிற்றையும் கழுத்தையும் பத்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று விட்டுவிடுகிறவரிடம் ஏதோ ஒன்று இருக்கிறது. கொம்புக்காகத்தான் என்றாலும் இருக்கிறது. நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகிறது. இங்கே குற்றமே செய்யாத ஒன்றுக்கு. அந்தப் பார்வை, பிறகு நடக்கிற கொலையை நியாயப்படுத்தும் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பார்வை பொய் என்றும் நினைக்கவில்லை.

கொம்பில்லாத மான் தனியாக வந்தால் அவசரப்படாதே என்று புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அது பெண்ணாக இல்லாமல், இன்னும் கொம்பு வெளிவராத ஆண் குட்டியாக இருக்கலாம். குட்டி ஆணின் உச்சந்தலை தட்டையாக இருக்கும், முகம் குட்டையாக இருக்கும். ஆனால் பக்கத்தில் இன்னொரு மான் நின்றால்தான் அளவு பிடிபடும். டெக்சாஸில் சூரியன் மறைந்து அரைமணி நேரம்வரை சுடலாம். அந்த வெளிச்சத்தில் அது தலையைத் தூக்குகிறது, மறுபடி குனிந்து மேய்கிறது. இன்னொரு மான் வருகிறதா என்று காத்திருக்க வேண்டியதுதான்.