வடதுருவத்து விருந்தாளியும் எண்ணூர்க் கழியும்



ஆகாயத்துப் பறவைகளை உற்று நோக்குங்கள் என்று நமது ஆண்டவராகிய சேசுநாதர் மலைப்பிரசங்கத்தில் கற்பித்தார். விதைப்பும் அறுப்பும் களஞ்சியமும் இல்லாத அவைகளைப் பரமபிதாவே போஷிக்கிறார் என்பது அவர் காட்டிய பாடம் (மத். 6-ம் அதிகாரம்). பாடத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் நோக்கச் சொன்னாரே, நோக்கினோமா? மழைக்காலத்தில் எண்ணூர் முகத்துவாரத்திலும் பழவேற்காட்டு ஏரியிலும் நீர் வடிந்த சேற்றுத் திட்டுகளில் சிறு பறவைகள் கூட்டமாய் ஓடியோடிக் கொத்தித் தின்பதை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்?

அவைகளுள் மிகச் சிறியது கொசு உள்ளான். அதன் எடை ஏறக்குறைய 25 கிராம். ஒரு எலுமிச்சம்பழத்தின் எடைகூட இல்லை. அதனோடு சேர்ந்து மேய்வது நுனி வளைந்த அலகுடைய மற்றோர் உள்ளான். இவைகளின் பிறந்த வீடு எது தெரியுமா? ரஷ்ய நாட்டின் வடகோடியில், தைமீர் முதலான இடங்களில், வடதுருவக் கடலை அடுத்துக் கிடக்கும் தூந்திரம் என்னும் பனிவெளி. நமது கரையிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தாலும் சுமார் 7,000 கிலோமீட்டர்.

அந்தத் தேசத்தின் விந்தையைச் சற்றே கேளுங்கள். குளிர்காலத்தில் வாரக்கணக்காகச் சூரியன் உதிப்பதில்லை. நிலத்தின் மேல்தோல் கோடையில் இளகினாலும் அடிமண் எக்காலமும் உறைந்தே கிடக்கும். ஆகையால் பெரிய மரம் வேரூன்ற முடியாது. பாசியும் புல்லும் முழங்கால் உயரச் செடியுமே உண்டு. பனிமான்கள் மந்தை மந்தையாய்த் திரியும். வெண்ணரியும் வெள்ளை ஆந்தையும் இரை தேடி அலையும். ஜூன் மாதம் வந்ததும் பனி உருகும். சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. ஈயும் கொசுவும் கோடிக்கணக்கில் கிளம்பும். நமக்குத் தொல்லையாகிய கொசு, அங்கே பறவைக் குஞ்சுகளுக்குச் சர்வேசுரன் விரித்த பந்தி! தரையிலே ஒரு சிறு குழியில் நான்கு முட்டை. பொரிந்த சில மணி நேரத்திலேயே குஞ்சுகள் தாமே ஓடி இரை பொறுக்கும்.

அங்கே லெமிங் என்ற ஒருவகை எலி உண்டு. சில வருஷங்களுக்கு ஒருமுறை அது ஏராளமாய்ப் பெருகும். பிறகு சட்டென்று அருகிப்போகும். எலி கிடைக்காத வருஷத்தில் நரி உள்ளானின் முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்னும். அந்த வருஷம் தெற்கே வரும் இளம் பறவைகளின் தொகை குறைந்துவிடுகிறது. அங்கே எலி குறைந்தால், எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிய கடற்கரையில் பறவை குறைகிறது. சிருஷ்டி முழுவதையும் ஆண்டவர் எப்படி ஒரே வலையாய்ப் பின்னியிருக்கிறார் பாருங்கள்! வலையில் ஒரு கண்ணி அறுந்தால் என்னவாகும் என்பதை நமது மீனவ சகோதரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இன்னுமோர் அதிசயம். வளைந்த அலகுடைய உள்ளானில் ஆண் பறவைகள் முதலில் தெற்கே புறப்படும். தாய்ப் பறவைகள் பின்னே போகும். குஞ்சுகளோ கடைசியில், வழிகாட்ட யாருமின்றி, காணாத நாட்டை நோக்கித் தாமே பறக்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் கோடியக்கரையில் பறவைகளின் காலில் வளையமிட்டு, இந்தப் பயணங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். பள்ளிக்கூடம் காணாத பறவைக்கு வழி சொன்னது யார்? பறவைகள் தங்கள் காலத்தை அறிந்திருக்கின்றன, ஜனங்களோ ஆண்டவரின் நீதியை அறியவில்லையே என்று எரேமியாஸ் தீர்க்கதரிசி வருந்தினார் (8-ம் அதிகாரம்). பறவையின் உள்ளே வழியை எழுதியவர், நமது உள்ளே மனச்சாட்சியை எழுதியிருக்கிறார். பறவை கீழ்ப்படிகிறது. நாம்?

பழவேற்காட்டு மீனவரிடையே பாடு என்றொரு முறை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஏரியில் நல்ல மீன்பாடுள்ள இடத்தை ஒருவரே பிடித்துக்கொள்ளாமல், முறை வைத்து, இன்று உனக்கு நாளை எனக்கு என்று வலை போடுவார்கள். எளியவனுக்கும் பங்கு கிடைக்கும். இந்தப் பறவைகளுக்கும் ஒரு பாடு உண்டு. மழைக்காலத்தை ஒட்டி வந்து சேற்றில் தின்று, கோடை முற்றுமுன் திரும்புகின்றன. திரும்பும் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை நமது கழியில்தான் சேர்க்க வேண்டும். அந்தச் சேறு கெட்டுப்போனால், விருந்தாளிக்கு இலை போட்டுவிட்டு மண்ணைப் பரிமாறினதாகும்.

கெட்டுப்போகவில்லையா? 2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. கரையில் படிந்த தாரை மனிதர் கையாலும் வாளியாலும் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழி முழுதும் பரவியது. படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாக்கள் எண்ணெய் பூசிய சிறகோடு தத்தளித்தன. கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் ஏழைகளின் அடுப்பு அணைந்தது. அனல் நிலையச் சாம்பல் படிந்து கழி மேடாவதும் நமக்குப் புதிதல்ல. பறவையின் பசியும் ஏழையின் பசியும் ஒரே சேற்றில் இருக்கின்றன. பூமியின் அழுகையையும் எளியோரின் அழுகையையும் சேர்த்தே கேட்கவேண்டுமென்று பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் விடுத்த "லவுதாத்தோ சீ" நிருபத்தில் கற்பித்தது இதைத்தான்.

நமது குடும்பங்களில் பலருக்குச் சோறு போடுவது துறைமுகமும் ஆலையுமே. அந்த உழைப்பு கௌரவமானது. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் மழை இரவில், யாரும் பாராத நேரத்தில், கழிவைத் திறந்துவிடு என்று கட்டளை வந்தால் கிறிஸ்தவன் என்ன செய்வது? தனியாய் எதிர்த்தால் வேலை போய்விடுமே என்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது; பிள்ளைகுட்டிக்காரனுக்கு அதை லேசாகச் சொல்லிவிட முடியாது. ஆயினும் கூடி நின்று சொல்ல வழியுண்டு, சங்கம் உண்டு, சட்டம் உண்டு, கண்டதைக் கேட்கும்போது மறைக்காமல் சொல்லும் நாவும் உண்டு. அயலான் இலையிலிருக்கும் மீனைக் கெடுப்பது ஏழாம் கற்பனைக்கு விரோதமான களவு. கையெழுத்து வேறொருவருடையது என்றாலும், கை நம்முடையதாய் இருக்கலாகாது.

ஆகையால், பெற்றோரே, வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கழிக்கரைக்குப் போய், அந்த உள்ளான்களைக் காட்டுங்கள். எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். வீட்டுக் குப்பையைக் கால்வாயில் கொட்டுகிற வழக்கத்தை இன்றே விடுங்கள். கழி மக்கள் நியாயம் கேட்டுக் கூடும்போது நீங்களும் போய் நில்லுங்கள்.

இராயபுரத்துக்குப் பேர் தந்த அர்ச். இராயப்பரும் மீன்பிடிக்கிறவரே. உயிர்த்த ஆண்டவர் அவருக்குக் கரையிலே நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார் (அரு. 21-ம் அதிகாரம்). கரையில் பந்தி வைப்பது அவருடைய வழக்கம். அந்தப் பந்தியைக் கெடுக்காதிருக்கும் வரத்தைக் கேட்டு, இன்றிரவு குடும்ப ஜெபத்தில் ஒரு பரலோக மந்திரம் சேர்த்துச் சொல்வோமாக. ஆமென்.