சாட்சி நின்றவர்களின் கடன்

போர் ஓய்ந்த நாட்டில் தேர்தல் நடத்த வெளியார் வருகிறார்கள். வாக்காளர் பட்டியல், பெட்டி, மை, பயிற்சி, பார்வையாளர் என எல்லாம் அவர்களோடு வரும். எண்ணி முடிந்ததும் புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்கள் பேச்சை நம்பி வரிசையில் நின்றவருக்கு அதன்பிறகும் அவர்கள் கடன்பட்டவர்களா? தொழில்நுட்ப உதவி என்று நாம் அழைக்கும் வேலைக்கு அடியில் கிடப்பது இந்த அறக்கேள்விதான்.

1993 மே மாதம் கம்போடியாவில் ஐ.நா.வே நேரடியாகத் தேர்தலை நடத்தியது. அந்தப் பணிக்கு மலேசியாவும் படைவீரர்களை அனுப்பியிருந்தது. உங்கள் வாக்கு ரகசியம், யாருக்குப் போட்டீர்கள் என்று எவருக்கும் தெரியாது என்று ஐ.நா. வானொலி திரும்பத் திரும்பச் சொன்னது. கெமர் ரூஜ் ஆயுதக் குழு மிரட்டியது. ஏப்ரலில் கம்போங் தோம் மாகாணத்தில் 25 வயது ஜப்பானியத் தொண்டர் அட்சுஹிட்டோ நகாட்டா கொல்லப்பட்டார். அப்படியும் பதிவு செய்தவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 120 இடங்களில் இளவரசர் ரணரித்தின் கட்சிக்கு 58, ஹுன் சென்னின் கட்சிக்கு 51. தோற்றவர் விட்டுக்கொடுக்கவில்லை, இரண்டு பிரதமர்கள் என்று ஓர் ஏற்பாடு பிறந்தது. செப்டம்பரில் ஐ.நா.வின் பணிக்காலம் முடிந்தது. 1997 ஜூலையில் ரணரித் ஆயுத பலத்தால் அகற்றப்பட்டார்.

வேதாந்தம் சொல்லும் சாட்சி எதிலும் ஒட்டாதவன். நடப்பதைப் பார்ப்பான், நடப்பது அவனைத் தொடாது. பார்வையாளர் குழுக்கள் போற்றும் நடுநிலையும் ஏறக்குறைய அதுதான். ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தில் சாட்சி நின்றவன் அப்படி ஒதுங்கிவிட முடியாது. 'வந்து வாக்களி, உனக்கு ஒன்றும் ஆகாது' என்று அழைத்த நொடியிலேயே வெளியாரும் அந்த வாக்குறுதியில் பங்காளி. தோற்றவனின் மனத்தை அவரால் மாற்ற முடியுமா? முடியாது. சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள் நம்மவர்கள். கடைசியில் உடன்பட வேண்டியவர்கள் சண்டையிட்டவர்களே. வெளியாரால் ஆகக்கூடியது, நடைமுறை முழுவதையும் எல்லார் கண்ணிலும் படும்படி வைப்பது. அது சின்ன வேலை இல்லை.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விவரிக்கும்போது கைவிரல்களைக்கூட விடவில்லை. குடத்துக்குள் இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துக் கொடுக்க வேண்டும். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். அவன் வாசித்த ஓலையை அங்கிருக்கும் நம்பிமார் (கோயில் அர்ச்சகர்கள்) எல்லாரும் வாசிக்க வேண்டும். அந்தணர் சபைக்கான முறை அது; ஊரில் பெரும்பாலோருக்கு அதில் இடமில்லை. இருந்தும் அந்த விரித்த கை பெரிய சிந்தனை. நடுவன் யோக்கியன் என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை, பார்த்துக்கொள்ளலாம்.

பார்த்தால் மட்டும் போதுமா என்பதை இலங்கை காட்டியது. போர் முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2013 செப்டம்பர் 21 அன்று வட மாகாண சபைக்கு முதல் தேர்தல். காமன்வெல்த் குழு வந்தது. இந்தியாவின் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் என். கோபாலசாமி தலைமையில் தெற்காசியப் பார்வையாளர்களும் வந்தார்கள். வாக்களிப்பு நாளன்று, ஒரு வேட்பாளர் அரசு பக்கம் தாவிவிட்டதாகச் சொல்லும் போலி 'உதயன்' நாளிதழ் யாழ்ப்பாணத்தில் உலவியது. மக்கள் ஏமாறவில்லை. 38 இடங்களில் 30 அந்த வேட்பாளரின் அணியான தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குப் போயின. சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல ஓடியும் அடுத்த தேர்தல் வரவில்லை.

அடுத்த தேர்தல் வராத இந்த வலி மலேசியாவின் பினாங்குக்காரர்களுக்கும் தெரியும். 1951 டிசம்பரில், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களுடனான அவசரகாலச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, மலாயாவின் முதல் நகராண்மைக் கழகத் தேர்தல் ஜார்ஜ்டவுனில்தான் நடந்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. மறு ஆண்டே மோதல் முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. மாநில அரசு வழக்காடிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

முதல் தேர்தலோடு கணக்கை மூடிவிடும் வழக்கத்தை உதவ வருகிறவர்கள் கைவிட வேண்டும். இரண்டாவது தேர்தல் எப்போது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். அது தள்ளிப்போனால், வரிசையில் நிற்கச் சொல்லித் தாங்கள் அழைத்த மக்களின் பேரால் திரும்பி வந்து உரக்கக் கேட்க வேண்டும்.