சண்டிகேஸ்வரரும் பால் கணக்கும்

பிரதோஷ மாலையில் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் பலரின் கையில் வில்வத்தோடு ஓர் ஆவின் பாக்கெட்டும் இருக்கும். பெரும்பாலும் நீல நிறம். அரை லிட்டர், 20 ரூபாய். உறையின் ஓரத்தைக் கிழித்துக் குடத்தில் ஊற்றுவார்கள், காலி உறைகள் ஒரு பக்கம் சேரும். நந்தியின் கொம்புகளுக்கு நடுவே பால் வழியும்போது, கறந்தவருக்கு இதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி எழுவது அபூர்வம். எழுந்தாலும் அது பக்திக்குப் புறம்பானதல்ல. அதே கோயிலில் கைதட்டிக் கும்பிடப்படும் சண்டிகேஸ்வரரின் கதையில் அந்தக் கேள்வி இருக்கிறது.

சேய்ஞலூரில் விசாரசருமர் என்ற சிறுவர், மாட்டை அடித்த ஆயனை விலக்கிவிட்டு மேய்க்கும் வேலையைத் தாமே ஏற்றார். மணலில் லிங்கம் அமைத்து, பசுக்கள் தாமாகச் சொரிந்த பாலை அதற்கு அபிஷேகம் செய்தார். பாலை வீணடிக்கிறான் என்று ஊரில் புகார் கிளம்பியது. தந்தை எச்சதத்தன் வந்து பால்குடத்தைக் காலால் இடற, மகன் அந்தக் காலை வெட்டினார். சிவன் அவருக்குச் சண்டீச பதவி தந்தார். கதை கேட்பவர்களின் மனம் அந்த வெட்டிலேயே நின்றுவிடும். சேக்கிழாரோ அதற்கு முன்பே ஒரு விவரத்தைச் சொல்லி வைக்கிறார்: அபிஷேகத்துக்குப் போனது போக, மாட்டுக்கு உரியவர்களின் வீட்டில் பால் குறையவே இல்லை. சாமிக்கே ஆனாலும் அடுத்தவர் பாலை எடுக்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே அந்தக் கணக்கை அற்புதம் நேர்செய்துவிட்டது.

அற்புதத்தை நம்பிக் கோயில் நடத்த முடியாது. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் அல்லது 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் என்று கணக்கு வருகிறது. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. சாகாத ஆடு ஏது? செத்ததற்கு ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் காப்பது இடையரின் பொறுப்பு. பஞ்சம் வந்தாலும் நோய் வந்தாலும் நெய் அளந்தாக வேண்டும். ஆக, விளக்குக்கு உத்தரவாதம் இருந்தது. இடையருக்கு?

ஆயிரம் ஆண்டு கழித்தும் உத்தரவாதம் யார் பக்கம் என்பதுதான் வழக்கு.

நெல், கோதுமை உள்ளிட்ட 22 பயிர்களுக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. பால் அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் அந்த இடத்தை ஓரளவு நிரப்புவது ஆவினின் கொள்முதல் விலை. ஆவின் காகிதத்தில் உற்பத்தியாளர்களின் கூட்டுறவு. ஆனால் கொள்முதல் விலை, விற்பனை விலை இரண்டையும் அறிவிப்பது அரசு. 2021 மே மாதம் புதிய அரசு பொறுப்பேற்றதும் விற்பனை விலையில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்தது. பசும்பால் கொள்முதல் விலையோ 2019 ஆகஸ்டில் நிர்ணயித்த 32 ரூபாயிலேயே நின்றது. 2022 நவம்பரில்தான் 35 ஆனது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் புண்ணாக்கும் தவிடும் விலை ஏறாமல் காத்திருக்கவில்லை. 2023 மார்ச்சில் உற்பத்தியாளர்கள் லிட்டருக்கு 7 ரூபாய் உயர்வு கேட்டுப் போராடினார்கள். சாலையில் பாலைக் கொட்டியபோது, சேய்ஞலூரில் எழுந்த அதே ‘வீண்’ என்ற சொல் அவர்கள் மேல் விழுந்தது.

விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொண்டதுதான் நியாய விலை என்பது ஒரு கட்சி. பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே நல்ல வாணிகம் என்கிறார் வள்ளுவர். பொருளின் மதிப்புக்கு மேல் விற்பது பாவம் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாதிட்டவர் தாமஸ் அக்வினாஸ். இந்த இருவர் பக்கம் நிற்கப் பால் ஒரு நல்ல காரணம் தருகிறது. பேரம் பேசக் காத்திருக்கும் தெம்பு வேண்டும். நெல்லை மூட்டையில் கட்டி வைக்கலாம். காலையில் கறந்த பால் மதியத்துக்குள் திரிந்துவிடும். மாலையில் மடி மறுபடி நிறைந்துவிடும். பால் கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்பும் இதர சத்தும் அளந்து சொல்லும் விலையை மறுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால் செலவுதான் மிச்சம். இந்த நிலையில் கிடைக்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

சரி, விலையை அரசு உறுதி செய்துவிட்டால் தீர்ந்ததா? ஐரோப்பா அதைச் செய்து பார்த்தது. உத்தரவாத விலைக்கு வாங்கிக் குவித்ததில் வெண்ணெய் மலையாக உயர்ந்தது. 1984 முதல் 2015 வரை உற்பத்திக்கே கோட்டா வைக்க நேர்ந்தது. மிஞ்சியதை மானியம் கொடுத்து வெளிநாட்டில் தள்ளியபோது ஏழை நாடுகளின் மாட்டுக்காரர் அடிபட்டார். அந்த உபரியிலிருந்து இந்தியாவுக்கு வந்த பால்பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் இங்கே பால் கூட்டுறவு இயக்கத்தை நடத்திய வர்கீஸ் குரியன் வேறு விதமாகக் கையாண்டார். 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தில், இலவசமாக வந்ததைச் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் பாலாக்கி விற்று, அந்தப் பணத்தை உள்ளூர்க் கூட்டுறவுகளில் போட்டார். தானமாக வந்ததைத் தானமாகவே கொடுத்திருந்தால் உள்ளூர்ப் பாலின் விலை சரிந்திருக்கும்.

ஏற்றுமதியிலும் இதே தராசுதான். 2011-ல் உள்நாட்டு விலை ஏறியதும் பால்பவுடர் ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. அடுத்த ஆண்டுதான் விலக்கியது. 2018-ல் உலகச் சந்தை படுத்து, கிடங்குகளில் பவுடர் தேங்கியபோது ஊக்கத்தொகை கொடுத்து ஏற்றுமதி செய்யச் சொன்னது. வெளியே நல்ல விலை கிடைக்கும் நாளில் கதவு சாத்தப்படுகிறது, கிடைக்காத நாளில் திறக்கிறது. நகரத்துக் குழந்தையின் டம்ளர் நிறைய வேண்டும் என்பது தர்மம்தான். அந்த தர்மத்தின் செலவை மாடு வைத்திருப்பவர் மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்பதற்குப் பதில் இல்லை.

2023 மே மாதம் குஜராத் கூட்டுறவான அமுல் கிருஷ்ணகிரி பக்கம் குளிரூட்டும் நிலையங்கள் அமைத்துப் பால் வாங்கத் தொடங்கியபோது, அதைத் தடுக்கக் கோரி முதல்வர் ஸ்டாலின் மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். ஒரு கூட்டுறவின் எல்லைக்குள் இன்னொன்று நுழையாதிருப்பது மரபு என்பது அரசின் வாதம். ஆவின் நலிந்தால் பின்னால் உற்பத்தியாளர்கள் கேட்பாரற்றுப் போவார்கள் என்ற கவலையிலும் நியாயம் உண்டு. மாடு வைத்திருப்பவருக்கோ, ஊருக்குள் இரண்டாவது பால் வண்டி வருவது நல்ல சேதி. அந்த ஆண்டு டிசம்பர் 18 முதல் ஆவினுக்கு ஊற்றுபவர்களுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது, பசும்பாலுக்கு 38 ரூபாய் ஆயிற்று. ஆனால் அந்த மூன்று ரூபாய் கொள்முதல் விலையாக அல்ல, ஊக்கத்தொகையாக அறிவிக்கப்பட்டது. இன்று கொடுக்கும் ஊக்கத்தொகையை நாளை நிதி நெருக்கடியைச் சொல்லி நிறுத்திவிடலாம். கொள்முதல் விலையை அப்படிச் சத்தமில்லாமல் இறக்க எந்த அரசும் துணியாது.