தெரியாது என்று சொல்லும் மருத்துவர்

நுரையீரல் நோய் ஆய்வுக்குத் தலைமையேற்க ஒருவரைத் தேடும்போது எதை முதலில் பார்ப்பது? பட்டங்களையா, மனச்சாட்சியையா?

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியபோது, அதை வழிநடத்தப் பிரித்தானிய மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் வந்தார். சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையின் படுக்கையும் சத்தான உணவும் இல்லாமல் ஏழைகள் குணமாவார்களா என்பது அன்று உறுதியாகத் தெரியாது. 193 நோயாளிகள் எழுந்தமானமாக இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குச் சானடோரியம், மற்றதற்கு நெரிசலான சொந்த வீடு. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள். 1959இல் முடிவு வெளியானது: ஓராண்டில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தனர்.

ஆனால் மனித உயிரைக் குலுக்கலுக்கு விடலாமா?

விடை தெரிந்தும் குலுக்கினால் அது அநீதி. உண்மையிலேயே தெரியாதபோது தெரிந்ததுபோல் நடிப்பதுதான் நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

மாத்தளையின் யட்டவத்தப் பக்கம், விறகடுப்புப் புகையில் இருமியபடி சமைக்கும் ஒரு தாய்க்கும் பட்டமா மனச்சாட்சியா என்ற கேள்வி உரியது. அவளிடம் சளி மாதிரி கேட்கும் ஆய்வுத் தலைவர், அவளுக்குப் புரியும் மொழியில் சம்மதமும் கேட்க வேண்டும்; கண்டறிந்ததை அவள் வாசலுக்கே திரும்பக் கொண்டுவர வேண்டும். சென்னை ஆய்வில் சுகாதாரப் பணியாளர்கள் நோயாளிகளின் வீடு தேடிப் போனார்கள்.