வார்க்கக் கொடுத்த பாரம்

வீட்டுக் கொட்டகையில் பாய்மரப் படகு கட்டுகிறவர்களுக்கு ஒரு வைராக்கியம் உண்டு: எல்லாம் என் கையால்தான் நடக்க வேண்டும். இங்கிலாந்துக் கடலோர ஊர் ஒன்றில் 26 அடிப் படகு கட்டிக்கொண்டிருக்கும் எனக்கும் அது உண்டு. பலகை வளைத்தது, விலாச் சட்டம் பொருத்தியது, எபாக்சி பூசியது எல்லாம் நானே. கீலில், அதாவது படகின் அடிக்கட்டையில் தொங்கவேண்டிய காரீயப் பாரம் என்று வந்தபோதுதான் கை தயங்கியது.

ஒரு டன் காரீயம் 88 லிட்டர் இடத்தில் அடங்கிவிடும். வார்ப்பிரும்பு என்றால் கிட்டத்தட்ட 140 லிட்டர். எடை எவ்வளவு தாழ இருக்கிறதோ, காற்று சாய்த்த படகு அவ்வளவு வலுவாக நிமிரும். 327 டிகிரி செல்சியஸிலேயே காரீயம் உருகிவிடுவதால், பழைய இரும்புக் குளியல் தொட்டியின் அடியில் விறகை மூட்டி வீட்டிலேயே வார்த்தவர்கள் பலர். அவர்களை மதிக்கிறேன். ஆனால் அச்சில் எங்கோ கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், அது நொடியில் நீராவியாகி உருகிய உலோகத்தை முகத்தில் வீசியடிக்கும். காரீயத் தூசு உடம்புக்குள் போனால் எலும்பில் பல ஆண்டு தங்கும். பிள்ளைகள் விளையாடும் கொல்லையில் இதைச் செய்ய எனக்கு உரிமை இல்லை. வார்ப்புப் பட்டறையில் கொடுப்பதென்று முடிவுசெய்தேன்.

அப்புறமும் மனம் ஆறவில்லை. 1997 ஜனவரியில், உலகைச் சுற்றும் வாந்தே குளோப் பந்தயத்தில், டோனி புல்லிமோரின் படகு தென்மாக்கடலில் கீல் முறிந்து கவிழ்ந்தது. கவிழ்ந்த கூட்டுக்குள் நான்கு நாட்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவரை ஆஸ்திரேலியக் கடற்படை மீட்டது. நடுக்கடலில் எட்டிக்கூடப் பார்க்க முடியாத பகுதி கீல். அதை எப்படி இன்னொருவர் கையில் விடுவது?

பட்டறைக்காரரைப் பார்க்கப் போனபோது கேள்விகளை அவர்தான் அடுக்கினார். ஆன்டிமனி எவ்வளவு சேர்க்க வேண்டும்? சுத்தக் காரீயம் மெத்தென்று இருக்கும், போல்ட்டை இறுக்கினால் அமுங்கும். நூற்றுக்கு மூன்று பங்கு ஆன்டிமனி கலந்தால் கெட்டிப்படும். வார்ப்பு ஆறும்போது நீளத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்குமே, அச்சு எடுப்பதற்கான மரப் படிமத்தை அதற்கேற்பப் பெரிதாகச் செய்திருக்கிறீர்களா? போல்ட் துளைகள் படகின் குறுக்குச் சட்டங்களுக்கு நேராக வருமா? ஒவ்வொன்றுக்கும் நான்தான் பதில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. தனியாக வார்த்திருந்தால் இவற்றில் பாதியை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சலுகை கொடுத்திருப்பேன். பிறர் கையில் கொடுக்கும்போது அந்தச் சலுகை கிடையாது. வேண்டியதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கையால் செய்வது மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்த எனக்கு இது புதிது. என் வைராக்கியம் இப்போது படிமத்தை இழைப்பதில் இறங்கியிருக்கிறது.

வார்ப்பை எடை போடும் நாளில் உடன் இருக்க அனுமதி கேட்டிருக்கிறேன். மொத்தப் பாரத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் கீலில் சேர்க்காமல் தனிக் கட்டிகளாகத் தரச் சொல்லியிருக்கிறேன். படகு தண்ணீரில் இறங்கி எப்படி மிதக்கிறதென்று பார்த்த பிறகு, அவற்றை முன்னேயோ பின்னேயோ தள்ளி வைத்துக்கொள்ளலாம்.