மறைசாட்சியும் கொன்றவரின் மனமும்

கிறித்தவ மரபில் மறைசாட்சி எனப்படுபவர், தம் நம்பிக்கையை மறுதலிக்க இசையாமல் அதன்பொருட்டு உயிர்விட்டவர் ஆவார்; ஆயினும் ஒரு சாவுக்கு அப்பெருமையைத் தருவது கொல்லப்பட்டவரின் உறுதியா, கொன்றவரின் நோக்கமா என்னும் வினா எளிதில் தீர்வதன்று. பட்ட துன்பம் அன்று, துன்பத்தின் காரணமே மறைசாட்சியை ஆக்குகிறது என்பது ஆயர் அகுஸ்தீனின் நிலைப்பாடு. பிற்காலத் திருச்சபை வழக்கு அக்காரணத்தைக் கொலையாளியின் உள்ளத்திலும் தேடி, அவர் விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பினால் கொன்றிருக்க வேண்டும் என்று விதித்தது.

பரங்கிமலையிலேயே இவ்விதியின் சிக்கல் தென்படுகிறது. அங்கே உயிர்நீத்ததாக மரபு கூறும் திருத்தூதர் தோமாவை, அரசன் ஆணைப்படி வீரர்கள் ஈட்டியால் குத்திக் கொன்றனர் என்கிறது 'தோமாவின் பணிகள்' என்னும் பழைய சிரியாக் நூல். மார்க்கோ போலோவோ, மயில் வேட்டையாடியவன் எய்த அம்பு தவறிப் பட்டு அவர் இறந்ததாக எழுதுகிறார். இரண்டாவது கதையில் வெறுப்பே இல்லை. விதியைக் கண்டிப்பாகப் பார்த்தால், அந்தக் கதையின் தோமா மறைசாட்சி ஆகார்.

இதனினும் நுட்பமானது, லிஸ்பனில் பிறந்து தமிழ்த் துறவியாக வாழ்ந்த இயேசு சபைக் குரு அருளானந்தரின் வழக்கு. அவரால் மனந்திரும்பிய மறவர் தலைவர் தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு பிறரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் மன்னர் சேதுபதியின் உறவினர் ஆதலால் அவர் முறையிட, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் குருவின் தலை வெட்டப்பட்டது. இதைக் குடும்பப் பகை என்று ஒதுக்குவோர், ஏரோதின் முறைகேடான மணத்தைக் கண்டித்து மாண்ட திருமுழுக்கு யோவானையும் மறைசாட்சியாகத் திருச்சபை போற்றுவதை மறந்துவிடுகின்றனர். நெறி ஒருவரின் இல்லறத்தைத் தொடும்போது எழும் பகையும் நெறியின் மீதான பகையே. உரோமையை உறுத்தியது வேறொன்று: அருளானந்தர் மேற்கொண்ட உள்ளூர் ஆசாரங்கள் புனிதர் பட்டத்துக்குத் தடையாகுமா என்பது. தடையில்லை என 1741-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் தீர்த்தும், அப்பட்டம் 1947-இல்தான் வந்தது.

1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு 2022-இல் புனிதரான தேவசகாயம் பிள்ளையைப் பற்றியும், அவர் மாண்டது அரசத் துரோகக் குற்றத்தால்தான் என்ற மறுப்பு எழுந்தது. எந்த அரசும் தன் தண்டனைக்கு மதவெறுப்பைக் காரணமாக எழுதி வைப்பதில்லை என்பதால், கொன்றவரின் வாக்குமூலத்தைக் காட்டிலும், கொல்லப்பட்டவர் மறுதலித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்பதே நேரிய அளவுகோலாகும்.

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசரின் வைணவ மரபும் இத்தகைய ஒருவரை அறியும். குருபரம்பரைக் கதைகளின்படி, இராமாநுசரின் காவியுடையில் சோழன் அவைக்குச் சென்ற அவருடைய சீடர் கூரத்தாழ்வான், சிவனே மேலான தெய்வம் என்று கையொப்பமிட மறுத்துக் கண்களை இழந்தார். அம்மரபு சோழனின் உள்ளத்தை ஆராய்வதில் நேரம் செலவிடுவதில்லை. பின்னர் காஞ்சி வரதரிடம் வரம் கேட்கும் வாய்ப்பு வந்தபோது, தமக்குக் கிட்டும் வீடுபேறு, தம்மை அந்நிலைக்கு ஆளாக்கிய நாலூரானுக்கும் கிட்ட வேண்டும் என்று அவர் கேட்டார்.