முதற் குரலுக்குரிய கடன்

ஒருவர் பாடிப் புகழ்பெற்ற பாட்டை மற்றொருவர் பாடலாமா என்று நாம் பொதுவாகக் கேட்பதில்லை. பாட்டு, பலர் நாவில் வாழ்வது. ஆயினும் அமெரிக்காவில் ராக் அண்டு ரோல் இசை தலையெடுத்த காலத்தில் ஒரு பாடகி இக்கேள்வியை எழுப்பினார். விடை இன்றும் எளிதன்று.

அவர் லாவெர்ன் பேக்கர் என்னும் கறுப்பினப் பெண்மணி. 'ட்வீடில் டீ' என்ற பாட்டை அட்லாண்டிக் நிறுவனத்துக்காக 1954-ஆம் ஆண்டு இறுதியில் பாடிப் பதிவு செய்தார். விரைவிலேயே மெர்குரி நிறுவனம் ஜார்ஜியா கிப்ஸ் என்னும் வெள்ளையரைக் கொண்டு அதே பாட்டை வெளியிட்டது. சொல்லும் மெட்டும் ஒன்றாயிருந்ததில் வியப்பில்லை. பக்க இசையின் அமைப்பும், குரல் எடுக்கும் இடமும் நிறுத்தும் இடமுங்கூடப் பேக்கரின் தட்டையே ஒட்டியிருந்தன. வெள்ளையருக்கான வானொலி நிலையங்கள் பல, கறுப்பினத்தாரின் இசைத்தட்டுகளை அந்நாளில் ஒதுக்கி வைத்திருந்தன. பொதுப் பட்டியலில் கிப்ஸ் 2-ஆம் இடம் வரை ஏறினார். பேக்கர் 14-ஆம் இடத்தோடு நின்றார்.

இது திருட்டா? சட்டம் இல்லை என்றது. ஒரு பாட்டு உரியவர் இசைவுடன் ஒருமுறை தட்டில் ஏறிவிட்டால், தட்டு ஒன்றுக்கு 2 சென்ட் செலுத்தி எவரும் அதனைப் பதிவு செய்யலாம் என்பது 1909-ஆம் ஆண்டுச் சட்டம். அப்பணம் பாட்டுக்கு உரிமையுடையோரைச் சேர்ந்தது. ஆகவே பாட்டை இயற்றிய வின்பீல்டு ஸ்காட்டுக்கு இரு தட்டுகளாலும் ஆதாயமே; இதனை மறைத்துப் பேசுதல் முறையாகாது. முதலில் பாடி அப்பாட்டுக்கு உயிரூட்டியவருக்கோ கேட்பதற்கு உரிமை ஏதுமில்லை. பேக்கர் 1955-இல் அமெரிக்கப் பேரவை உறுப்பினர் சார்லஸ் டிக்ஸிடம் முறையிட்டார். சட்டம் மாறவில்லை.

இதே கோலால் எல்லாரையும் அளத்தல் இயலாது. பிக் மாமா தார்ண்டன் 1952-இல் பதிவு செய்த 'ஹவுண்ட் டாக்' பாட்டை எல்விஸ் பிரெஸ்லி 1956-இல் பாடினார். லாஸ் வேகாஸில் பிரெடி பெல் குழுவினர் சொற்களை மாற்றிப் பாடியதைக் கேட்டு, அவ்வழியே பாடினார். தார்ண்டனிடம் ஒரு பெண் தன்னை ஏய்த்தவனை வாசலிலிருந்து விரட்டுகிறாள். பிரெஸ்லியின் பாட்டில் அந்தப் பெண்ணே இல்லை! அவருக்குக் கடன் இல்லையென்று சொல்லோம். அது முன்னோரிடம் கற்றவன் படும் கடன். கிப்ஸின் தட்டு வேறுவகை. ஒருவர் எழுதிய குறிப்பின்கீழ் மற்றொருவர் கையொப்பமிடும் வழக்கத்தை அலுவலகங்களில் கண்டோர்க்கு இவ்வேறுபாடு விளங்கும்.

கிப்ஸைப் பழிப்பதும் நமக்கு உடன்பாடன்று. பாட்டையும் பக்க இசையையும் முடிவு செய்வோர் பெரும்பாலும் நிறுவனத்தாரே. மீண்டும் பாடியதில் நாம் தவறு காணவில்லை. முதற் குரல் உள்ளே வராதபடி கதவைச் சாத்தி வைத்து, அதன் சாயலை மட்டும் விற்றதிலேதான் காண்கிறோம்.

1972 பிப்ரவரி 15 முதல் அந்நாட்டில் ஒலிப்பதிவுக்கும் நாடு தழுவிய பதிப்புரிமை வந்தது. அது தட்டைப் படியெடுப்பதைத் தடுக்கிறது. கேட்டுப் பயின்று அப்படியே பாடிப் பதிவு செய்வதைத் தடுப்பதில்லை. பேக்கர் கேட்டது அதனைத்தான்.